டோர்க்கஸின் பாட்டும் எங்கள் பொன்னாடையும்

1

எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வருடம் வெள்ளிவிழா. ஊரில் இருக்கிற உங்களுக்கு வெள்ளிவிழா என்றால் கொடி, பந்தல், மேளம் என்று ஏதாவது கண்ணில் வரும். டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் என் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: சங்கத் தலைவராகிய என் மனுசன் அல்போன்ஸ் ஆறு மாதமாய் ஒரு கோப்பை கழுவாமல் தொலைபேசியோடு திரிகிறார். குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னால், "பொறும், செபமாலை மாஸ்டரோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்பார். மாஸ்டரோடு கதைத்து முடிவதற்குள் குப்பை வண்டி வந்து போய்விடும்.

விழா வைக்க மண்டபம் வேண்டும். மண்டபம் நகரசபையிடம் இருக்கிறது. இங்கே நகரசபை எதற்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாது. ஒரு படிவம் அனுப்பும். அந்தப் படிவத்தில் ஏழாவது கேள்வி: "உங்கள் நிகழ்ச்சி மற்றச் சமூகங்களோடு சேர்ந்து வாழ எப்படி உதவும்?" போன முறை அல்போன்ஸ் அதற்கு "எல்லாருக்கும் சாப்பாடு கொடுப்போம்" என்று எழுதி அனுப்பினார். அது போதாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு எங்கேயோ தேடிப் பிடித்து நான்கு டெனிஷ் கிழவர்களைக் கொண்டுவந்து மரச் சப்பாத்தோடு ஆடவிட்டோம். அதில் ஒருவர் எங்கள் மிளகாய்ச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு அரை மணித்தியாலம் குளியலறையில் இருந்தார். அவர்கள் இந்த முறை வர மறுத்துவிட்டார்கள்.

ஆகவே மனுசன் என்னைப் பார்த்தார்.

"உம்மோட வேலை செய்யிற அந்தக் கறுப்புப் பொம்பிளை பாடுமெல்லே?"

"அவவுக்குப் பேர் இருக்கு, டோர்க்கஸ். நீங்கள் என்ன பாலிலயே பிறந்தனீங்கள், கறுப்புப் பொம்பிளை எண்டு சொல்லுறதுக்கு?"

"சரி சரி, டோர்க்கஸ். பாடுமெல்லே?"

பாடுமாவாம்! கானா தேசத்தில் ஒரு காலத்தில் டோர்க்கஸின் குரல் கேட்காமல் ஒரு வான் வண்டி ஓடியதில்லை. இந்த மனுசனுக்கு அது நிரப்ப வேண்டிய ஏழாவது கேள்வி.

2

நானும் டோர்க்கஸும் இஷொயில் ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறோம். பதினொரு வருடம். எங்கள் இருவரின் டெனிஷையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு முழு டெனிஷ் கிடைக்காது. அவள் டெனிஷில் சொல்வதை என் காது யாழ்ப்பாணத் தமிழில்தான் வாங்குகிறது. ஆகவே இங்கே அப்படித்தான் எழுதப் போகிறேன். அவளுக்கும் நான் பேசுவது அவளுடைய ட்வி மொழியில்தான் கேட்கிறதாம்.

பெரிய விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, இழுத்து, நடந்து வந்து மூலையைக் கொடுத்து, திரும்பப் பின்னால் போக வேண்டும். முகத்துக்கு முகம் வருகிற அந்தக் கணத்தில் அவள் கதையில் ஒரு துண்டு சொல்வாள். மிச்சத்துக்கு அடுத்த விரிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது விரிப்பு. அவளுடைய சரித்திரம் முழுக்க அப்படித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் பாடியது ஒரு செத்த வீட்டில். பதினொரு வயது. அவர்கள் ஊரில் செத்த வீடு என்றால் சனிக்கிழமை, பந்தல், ஒலிபெருக்கி, சிவப்பும் கறுப்பும் உடுப்பு, சாப்பாடு. "எங்கட கலியாண வீட்டிலும் பார்க்கச் சத்தம் கூட" என்றாள். பாட வந்தவளுக்குக் காய்ச்சல். யாரோ டோர்க்கஸைப் பிடித்து ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். செத்தவரின் மனைவி அதுவரைக்கும் அழாமல் கல் மாதிரி இருந்தவளாம். டோர்க்கஸ் இரண்டாவது அடிக்கு வர அவள் விழுந்து அழுதாள். அதோடு சனிக்கிழமை தவறாமல் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு குமாசி நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்ததாம். எட்டுப் பாட்டையும் ஒரே பகலில் பாடி முடித்தாள், ஏனென்றால் அன்றைக்குத்தான் மின்சாரம் போகாமல் இருந்தது. ஒலிநாடாவின் அட்டையில் இரவல் தொப்பியோடு அவள் படம். மூன்று மாதத்தில் அந்த நாடா எல்லா வானிலும் ஓடியது. ஒரு நாள் அவளே ஒரு வானில் ஏறினாள். அவளுடைய பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

"உது நான் பாடினது எண்டு சொன்னன். டிரைவர் சிரிச்சான். நான் அதோட சேர்ந்து பாடினன். வான் முழுக்கப் பாடிச்சுது. ஒரு கிழவன் எழும்பி நிண்டு ஆடினான்."

"பிறகு?"

அடுத்த விரிப்பு வர வேண்டியிருந்தது. நான் அவசரமாய் இழுத்தேன்.

"பிறகென்ன, ரிக்கெற்றுக் காசு தரச் சொன்னான். தராட்டி இறங்கச் சொன்னான்."

இடையில் கலியாணம். மாப்பிள்ளை ஒரு பேராயர். யார் அவரைப் பேராயர் ஆக்கியது என்று கேட்டேன். "தானேதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை எழும்பிச் சொன்னவர்" என்றாள். சனம் டோர்க்கஸின் பாட்டைக் கேட்க வரும். பேராயர் மூன்று மணித்தியாலம் பிரசங்கம் வைத்துவிட்டு அவளுக்குப் பத்து நிமிடம் விடுவார். பிறகு ஐந்து நிமிடம். பிறகு, பெண்கள் மேடையில் அதிகம் நிற்பது வேதத்துக்கு விரோதம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவள் பெட்டியைக் கட்டினாள்.

"கடவுளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். பேராயரை விட்டிட்டு வந்திட்டன்."

எனக்கு அந்த இடத்தில் விரிப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. அவ்வளவு சிரிப்பு.

3

டென்மார்க்குக்கு அவளைக் கூப்பிட்டது ஹ்விடோவ்ரேயில் இருக்கிற ஒரு டெனிஷ் பாட்டுக் குழு. இரண்டு வாரம் பழக்கிவிட்டுப் போவதற்கு. இந்த நாட்டில் உங்களுக்கு நம்ப முடியாத ஒன்று இருக்கிறது. கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காத சனம், ஆபிரிக்கப் பக்திப் பாட்டென்றால் உயிரை விடும். நாற்பது பேர், வங்கி மனேச்சர், பல் வைத்தியர், ரீச்சர், எல்லாரும் வியாழக்கிழமை கூடிக் கண்கலங்க யேசுவைக் கூப்பிடுவார்கள். பாட்டு முடியக் காப்பியைக் குடித்துக்கொண்டு, கடவுள் ஏன் இல்லை என்று ஆறுதலாய் விளங்கப்படுத்துவார்கள். கையையும் பிழையான இடத்தில்தான் தட்டுவார்கள். டோர்க்கஸ் இருபத்துநாலு வருடமாய்ச் சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். அவர்களும் இருபத்துநாலு வருடமாய் நன்றி சொல்லிவிட்டுப் பிழையாய்த் தட்டுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு வந்தவள் அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடிய ஃபிளெமிங் என்பவரைக் கட்டி இங்கேயே நின்றுவிட்டாள். நல்ல மனுசன். பிறகு பிரிந்துவிட்டார்கள், சண்டையில்லாமல். இந்த நாட்டில் சண்டை பிடிக்கவும் ஆளில்லை. இப்போதும் தன் தோட்டத்து உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவார்.

பேராயர் வழியில் பிறந்த மகன் சாமுவேல் ஏழு வயதில் இங்கே வந்தான். நாலு வருடம் போக, கிறிஸ்மஸ் மாதத்தில் வகுப்பின் நத்தார் விருந்துக்கு அம்மாவைப் பாடக் கூப்பிட்டார்கள். டோர்க்கஸுக்கு மெதுவாகப் பாடத் தெரியாது. திறந்து பாடினாள். அந்த வகுப்பறையின் சன்னல் அதிர்ந்திருக்கும். பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு சிரித்து, பிறகு ஒரு வருடம் முழுக்கச் சாமுவேலைக் கண்டால் வாயை அகலத் திறந்து அவன் தாயைப் போல் கத்திக் காட்டினார்கள். விருந்தன்றைக்கே அவன் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வசனம் சொன்னானாம்.

"அம்மா, இனிமேல் இவ்வளவு சத்தமாய்ப் பாடாதே."

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாய் அவள் பாடுகிற ஓர் இடத்துக்கும் அவன் வந்ததில்லை. இப்போது வயது முப்பது. ரயிலில் மூன்று மணித்தியாலத் தூரத்தில், ஓகூஸ் நகரத்தில் இருக்கிறான், கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளில் ஏறித் திருத்துகிற வேலை. நல்ல பிள்ளை, மாதம் ஒரு தரம் கூப்பிடுவான். காலநிலை கேட்பான்.

நான் என்ன பெரிதாய்க் கண்டேன்? என் மகள் நிரோஜா நான் தமிழில் கேட்க டெனிஷில் பதில் சொல்வாள். "சாப்பிட்டியே பிள்ளை?" என்றால் அந்த "ஓம்" கூட டெனிஷில்தான் வரும். டோர்க்கஸ் தன் மகனைப் பற்றிச் சொல்லும்போது நான் விரிப்பின் மூலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

4

மாசி மாதத்தில் அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட். ஆஸ்பத்திரிக் கடிதம் இங்கே தபாலில் வராது; கைத்தொலைபேசிக்குள் வரும். அதைத் திறக்க ஒரு இலக்கம், அந்த இலக்கத்தைத் திறக்க இன்னொரு இலக்கம். பாவம், பிழையாய் அடித்து அடித்துத் தன்னையே பூட்டி வைத்துவிட்டாள். மத்தியான இடைவேளையில் நான் உட்கார்ந்து திறந்து வாசித்துக் காட்டினேன். சத்திரசிகிச்சை செவ்வாய்க்கிழமை. முதல் நாள் பின்னேரத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. நகப்பூச்சுப் பூசக் கூடாது. துணைக்கு ஒருவர் வரலாம்.

"நாலாவது வரியை ஏன் விட்டனீ?" என்றாள்.

"எந்த நாலாவது வரி?"

"றீற்றா, எனக்குப் பேசத்தான் தெரியாது. வாசிக்கத் தெரியும்."

நாலாவது வரியில், குரல் நரம்பு பக்கத்தில் இருப்பதால் சிலருக்குக் குரல் நிரந்தரமாக மாறக்கூடும் என்று இருந்தது. அதற்கு முன்பே தாதி ஒருத்தி கூப்பிட்டு, தொழிலுக்குக் குரல் தேவையா என்று கேட்டிருக்கிறாள். டோர்க்கஸ் சலவைத் தொழிலாளி என்று சொல்ல, தாதி "அப்படியென்றால் தேவையில்லை" என்று பதிந்துகொண்டாளாம்.

"நீ திருப்பிச் சொல்லேல்லையே?" கைத்தொலைபேசியை மேசையில் அடித்து வைத்தேன். "கானாவில போய்க் கேளுங்கோடி எண்டு சொல்லேல்லையே?"

"சொல்லி? கட்டி கரையுமே?"

பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சாமுவேல் ஒருக்காக் கேக்க வேணும். இந்தக் குரலில, ஒரு மேடையில, சனத்துக்கு முன்னால. ஒரே ஒருக்கா. பேந்து வெட்டட்டும்."

எங்கள் வெள்ளிவிழா அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனி. நான் அல்போன்ஸிடம் கேட்கவேயில்லை. சரியாக மூன்று மணிக்கு உன்னை மேடையில் ஏற்றுகிறேன் என்று என் தாய் மேல் சத்தியம் பண்ணினேன். மூன்று மணி என்று எங்கள் சங்கத்தின் பெயரால் வாக்குக் கொடுத்த முதல் மனுசி நான்தான், கடைசியும் நான்தான்.

அவள் மகனைக் கூப்பிட்டாள். சத்திரசிகிச்சை என்று சொன்னாள், குரலைப் பற்றியும் சொன்னாள். அவன் வருகிறேன் என்றானாம். ஆனால் நாலரைக்கு ரயிலுக்கு வெளிக்கிட வேண்டும். ஞாயிறு விடியக் கடலுக்குப் போகிற கப்பல் ஓகூஸுக்கு அங்காலே ஒரு துறைமுகத்தில் நின்றது.

5

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபோது நான் முதலில் கீழே இருந்து மேலே பார்த்தேன். இத்தனை வருட அனுபவம். டோர்க்கஸ் பதினேழாவது. நன்றியுரைக்கு முன்னால்.

"இஞ்சேருங்கோப்பா, மூண்டு மணி எண்டெல்லே நான் சொன்னனான்!"

"உமக்கென்ன விசரே? பெரிய பாட்டுக்காரி எண்டு நீர்தானே சொன்னனீர். பெரிய ஆக்களை முன்னுக்கு விட்டால் மரியாதையோ? கடைசியில விட்டால்தான் கனம்."

இதை நான் டோர்க்கஸுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் ஆட்களிடம் மரியாதை கூடக் கூட மேடை பின்னால் போகும். தேவையில்லாதவர்கள் எல்லாம் முதலில் வந்து ஆடி, பேசி, படம் எடுத்து, வடை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மிகவும் கனமானவர், விளக்கை அணைக்கிற நேரம் கதிரைகளைப் பார்த்துப் பேசுவார். வேண்டுமென்று ஒரு ஆளை அவமதிக்கிற சனத்தைக்கூட மன்னிக்கலாம். எங்கள் சனம் மரியாதை செய்தே ஆளைத் தீர்த்துவிடும்.

சனிக்கிழமை ஒரு மணி என்று போட்ட விழா இரண்டேகாலுக்குத் தொடங்கியது. மண்டபக் கதவு ஐந்து மணிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். டெனிஷ் கதவுக்கு நன்றியுரை விளங்காது. சாமுவேல் கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிற மேற்சட்டையோடு இருந்தான். தாயின் கண்தான் அப்படியே. யாரோ அவனுக்கு மட்டன் ரோல்ஸ் நாலு கொடுத்துவிட்டிருந்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தான். டோர்க்கஸ் முன் வரிசையில் ஊதாச் சட்டையும் அதே துணியில் தலைக்கட்டுமாய் நிமிர்ந்து இருந்தாள். மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. பதினொரு பிள்ளைகள் தனித்தனியாய் ஆடினார்கள், ஒவ்வொருவருக்கும் குருவின் பெயர், குருவின் குருவின் பெயர். இடையிடையே அல்போன்ஸ் வந்து, வெள்ளை ரொயோட்டாக் காரை யாரோ தீயணைப்புப் பாதையில் விட்டிருக்கிறார்கள், எடுக்கவும் என்றார். ஒருவரும் எடுக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குச் செபமாலை மாஸ்டர் ஏறினார். ஊரில் முப்பது வருடம் படிப்பித்தவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. தலைப்பு "புலம்பெயர் மண்ணில் தமிழின் எதிர்காலம்". அதை எட்டுக் கூறாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். நாலு மணிக்கு மூன்றாவது கூறில் நின்றார். தமிழின் எதிர்காலம் முழுவதும் வெளியே நின்று கோலா குடித்துக்கொண்டிருந்தது, என் மகள் உட்பட.

நான் கையைக் காட்டினேன், அல்போன்ஸ் பார்க்கவில்லை. துண்டு எழுதி அனுப்பினேன். அதை வாசித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டோர்க்கஸ் ஒரு தரம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். சாமுவேல் மடியில் இருந்த ரோல்ஸைப் பக்கத்துக் கதிரைக்கு மாற்றி வைத்தான். எழும்பப் போகிறவன் செய்கிற வேலை அது.

சேசு மரியே, என்னிடம் என்ன இருந்தது? ஒரு தட்டு. பொன்னாடைத் தட்டு. எங்கள் விழாக்களில் பெண்களுக்குத் தருகிற மேலான பதவி அதுதான்: பேசி முடித்தவருக்குப் போர்த்த ஆண்கள் வரும்போது, பக்கத்தில் தட்டோடு நிற்பது.

தட்டோடு எழும்பினேன்.

6

பேசிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரை நிறுத்த எங்கள் சமூகத்தில் ஒரு வழியும் இல்லை. மணியடித்தால் நிற்க மாட்டார். விளக்கு அணைந்தால் இன்னும் உரத்துப் பேசுவார். ஆனால் பொன்னாடை தோளில் விழுந்தால் பேச்சு முடிந்தது என்று அவருடைய உடம்புக்கே தெரியும். இத்தனை வருடமாய்த் தட்டுப் பிடித்த எனக்கு அது தெரியாதா?

மாஸ்டர் நாலாவது கூறைத் தொடங்கி, "ஆகவே பெற்றோர்களாகிய நாங்கள்" என்று கையை உயர்த்தினார். பின்னால் போய்ப் போர்த்தேன். இரண்டு சுற்று, இழுத்து, முன்னால் முடிச்சுப் போடாத குறை.

நான் நினைத்ததிலும் நன்றாக நடந்தது. வீடியோக்காரர் ஓடி வந்தார். சனம், பாவம், விடுதலையானவர்களைப் போல் கை தட்டியது. மாஸ்டரின் வாய் திறந்தபடி இருக்க, இரண்டு கையும் தாமாகவே கூப்பின. முகத்தில் படம் எடுக்கிற சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிடம் அப்படியே நின்று, பிறகு படியைத் தேடி இறங்கினார். பாதி வழியில்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பிறகு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்து, மிச்ச ஐந்து கூறையும் சொல்லித்தான் விட்டார்.

"என்னப்பா செய்யிறீர்?" அல்போன்ஸ் மேடைப் படியில் நின்று பல்லைக் கடித்தார்.

"ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதுறன்" என்றேன். ஒலிவாங்கியை எடுத்து, "டோர்க்கஸ் பாடுவா" என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கைக் குறிப்பு, பட்டம், ஒன்றும் இல்லை. அந்த மண்டபத்தில் செய்யப்பட்ட மிகச் சின்ன அறிமுகம்.

அவள் ஏறினாள். வாத்தியக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒலிவாங்கியையும் தள்ளி வைத்தாள். வலது காலால் பலகையில் நாலு தரம் தட்டிவிட்டுத் தொடங்கினாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. அவள் பாடியது ட்வி மொழி, அதுவும் தெரியாது. பதினொரு வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், யந்திரச் சத்தத்துக்குள் முணுமுணுப்பதைத்தான் கேட்டிருக்கிறேன். இது வேறு. அந்தக் குரல் முதலில் தரையில் நடந்தது, பிறகு எழும்பியது, எழும்பி எழும்பி இனி மேலே இடமில்லை என்று நான் நினைத்த இடத்தில் இன்னும் ஒரு படி போனது. வாசலில் கோலா குடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சமையல் பக்கத்தில் சட்டிச் சத்தம் நின்றது. முன் வரிசையில் ஒரு கிழவி, யாருடைய செத்த வீட்டை நினைத்தாளோ, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாட்டின் நடுவில் அல்போன்ஸ், தள்ளி வைத்த ஒலிவாங்கியைத் தேடிக்கொண்டு மேடைக்கு வந்தார். வெள்ளை ரொயோட்டா! டோர்க்கஸ் பாட்டை நிறுத்தவில்லை. இடது கையை மட்டும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மனுசன் அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருடமாய் என்னால் முடியாத காரியம் அது.

பாட்டுக்குள் கிடந்த நான் அப்போதுதான் பின்னால் திரும்பினேன். நாலு இருபத்தைந்து. சாமுவேல் எழும்பி, மேற்சட்டையின் சிப்பை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான்.

டோர்க்கஸ் அதைக் கண்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்டாள். குரல் ஒரு இம்மியும் அசையவில்லை. ஆனால் அவளுடைய கால் தட்டுவதை நிறுத்திவிட்டது.

7

தட்டையும் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினேன். அவனுக்கு இரண்டு அறை கொடுப்பது என்றுதான் ஓடினேன், பொய் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் அது குற்றம் என்று தெரியும். பரவாயில்லை, பிடித்து அடைத்தால் மறியலிலும் சலவைப் பகுதி இருக்கும்.

அவன் போகவில்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், மண்டபச் சன்னலுக்குக் கீழே, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். சன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே அவள் இரண்டாவது பாட்டைத் தொடங்கியிருந்தாள். அவனுடைய முதுகு குலுங்கியது.

"ஏன் வெளியில வந்தனீ?" என்றேன் டெனிஷில்.

முகத்தைத் துடைத்தான். டெனிஷில் எல்லாருக்கும் ஒரே "நீ"தான். வளர்ந்த பிள்ளை, அவன் தாயையும் என்னையும் சொல்வதை நான் மரியாதை போட்டே எழுதுகிறேன்.

"உள்ளுக்கு எல்லாரும் வீடியோ எடுக்கினம். என்னால அங்க அழ ஏலாது."

அது உண்மைதான். எங்கள் ஆட்கள் அதையும் எடுத்துப் பாட்டுப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் சொன்ன பிறகு அவ வீட்டில் பாடுறதை நிப்பாட்டேல்லை. சமையலறையில் புகை இழுக்கிற விசிறி இருக்குதானே, அதை முழு வேகத்தில் போட்டுவிட்டுப் பாடுவா. எனக்குக் கேட்கக் கூடாது எண்டு. ஒண்டும் சமைக்காத நேரத்திலயும் விசிறி ஓடும். நான் என்ர அறையில இருந்து விசிறியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன். எத்தனை வருஷம்."

அடிக்கப் போன கையால் அவனுடைய முதுகைத் தடவினேன். வேறு என்ன செய்வது?

"ரயில்?" என்றேன்.

"போகட்டும். வேலையிடத்துக்குக் கூப்பிட்டு, காய்ச்சல் எண்டு சொல்லப் போறன்."

"அப்ப உள்ளுக்கு வா. அவ நீ போயிட்டாய் எண்டு நினைச்சுக்கொண்டு பாடுறா."

அவன் வந்தான். கடைசி வரிசைக்குப் போகவில்லை. நடு வழியால் நேரே நடந்து, மேடைக்கு முன்னால், வீடியோக்காரரின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தான், ஆறடி ஆம்பிளை. டோர்க்கஸ் அவனைப் பார்த்தாள். கால் திரும்பவும் பலகையைத் தட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நேரம் பாடினாள் என்று எனக்குத் தெரியாது. நன்றியுரை இல்லாமல் எங்கள் சங்கம் முடித்த ஒரே விழா அதுதான். அல்போன்ஸ் இன்றைக்கும் அதை ஒரு குறையாகச் சொல்கிறார்.

8

செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். சாமுவேல் கூடப் போனான். நான் வேலையில் இருந்தேன். இரண்டு விரிப்பை நிலத்தில் போட்டுவிட்டேன். பின்னேரம் அவளுடைய தொலைபேசியிலிருந்து ஒரு சொல் எழுத்தில் வந்தது: "முடிந்தது." கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லையாம். சில நாளைக்குப் பேசக் கூடாது என்று உத்தரவு. நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் போனால் அவளைப் பேச வைத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இஷொய் நிலையத்தில் பேருந்துக்கு நின்றேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு கரகரத்த குரல், குடித்துவிட்டு எழும்பின கிழவனுடையது போல, காற்றுப் பாதி சொல் பாதியாய் ஏதோ சொன்னது. என்னுடைய பெயர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இங்கே காப்புறுதி விற்கிறவர்கள் நாளுக்கு மூன்று பேர் எடுப்பார்கள்.

"பிழையான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு எனக்கு விளங்கிவிட்டது. தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பேருந்து வந்து, கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டு போனது. கடவுளே, நான் என்ன செய்தேன்? பதினொரு வருடம் பழகினவள், தன் புதுக்குரலோடு முதல் தரம் எனக்குத்தான் எடுத்திருக்கிறாள். அவளிடம் நான் பிழையான நம்பர் என்றேன்.

அதே இலக்கம் திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"றீற்றா அன்ரி, சாமுவேல் கதைக்கிறன். என்ர போனிலயிருந்து எடுத்தது அம்மாதான். இனி அவவின்ர குரல் இப்படித்தான் இருக்குமாம். நான் இஞ்ச நிண்டு காலமையில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன். நீங்களும் பழகுங்கோ. இப்ப அவவிட்டக் குடுக்கிறன், வைச்சிடாதேங்கோ."

நான் வைக்கவில்லை.